கிணற்றுக் குளோரின் முதல் கூடங்குளம் வரை: கேள்வி பதில்

பேரழிவு ஆயுதங்கள் பரவாமல் தடுக்கும் சர்வதேச ஏற்பாடுகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கோண்டாவில், ஏ/எல் மாணவி: சேர், கிணத்துக்குப் போடுற குளோரினும் இரசாயன ஆயுதம் எண்டு அண்ணா சொல்றார். உண்மையோ?

பாதி உண்மை, பிள்ளை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படை காற்றோடு திறந்துவிட்டது குளோரினைத்தான். அதற்காக அதைத் தடைசெய்தால், வெள்ளம் வடிந்தபின் எங்கள் கிணறுகளுக்கு எதைப் போடுவது? 1997 இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுதச் சமவாயம் நோக்கத்தைப் பார்க்கிறது. ஆளைக் கொல்ல எடுத்தால் எந்த நச்சுப் பொருளும் ஆயுதம்தான். கூடவே, கண்காணிக்கவேண்டிய இரசாயனங்களின் மூன்று அட்டவணைகளும் உண்டு. பேனை மைக்குப் பயன்படும் தயோடைகிளைக்கோல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தோலைக் கொப்பளிக்க வைக்கும் மஸ்டர்ட் என்ற நச்சு வாயுவுக்கும் அதுவே மூலப்பொருள். இந்தச் சமவாயத்தை நடைமுறைப்படுத்தும் ஹேக் நகரத்து அமைப்பின் பரிசோதகர்கள் தொழிற்சாலைக்கே போய்ப் பார்ப்பார்கள். நாடுகள் அறிவித்த 72,000 தொன்னுக்கு மேற்பட்ட கையிருப்பு 2023 யூலையில் அழித்து முடிக்கப்பட்டது. ‘அறிவித்த’ என்ற சொல்லைக் கவனியுங்கோ. சிரியா 2013 இல் சேர்ந்து கையிருப்பை ஒப்படைத்த பிறகும், 2017 இல் அந்த நாட்டின் கான் ஷேக்குன் நகரில் சாரின் என்ற நரம்பு நஞ்சு விழுந்தது.

சாவகச்சேரி வாசகர்: கிருமி ஆயுதத்துக்கும் பரிசோதகர்கள் இருக்கினமோ?

இல்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான். 1975 இல் நடைமுறைக்கு வந்த கிருமி ஆயுதச் சமவாயத்தில் சோதனை ஏற்பாடே கிடையாது. அதில் கையெழுத்திட்ட சோவியத் ஒன்றியத்தில், 1979 இல் ஸ்வெர்ட்லொவ்ஸ்க் நகர இராணுவ ஆய்வுகூடத்திலிருந்து அந்திராக்ஸ் என்ற நோய்க்கிருமி கசிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்ட இறைச்சியால் வந்தது என்று மூடிவிட்டார்கள். ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டது 1992 இல்.

பருத்தித்துறை, கடற்றொழிலாளி: சேர், கூடங்குளத்தை வியன்னாக்காரர் வந்து பார்க்கினம்தானே? பிறகும் ஏன் பயப்பிடவேணும்?

தம்பி, இவை இரண்டு வேறு பயங்கள். இந்தியா அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையில் இல்லை. ஆனாலும் கூடங்குளம் அணு உலைகள், வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் கண்காணிப்பில் இருக்கின்றன. எரிபொருள் குண்டு செய்யத் திருப்பிவிடப்படுகிறதா என்றுதான் அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். விபத்து வராது என்பதற்கு அந்தக் கணக்கு பொறுப்பல்ல. உங்கள் கடலைப் பற்றிய பயம் நியாயமானது. விபத்து நடந்தால் உடனே அறிவிக்கவேண்டும் என்ற 1986 சமவாயத்தில் இந்தியா, இலங்கை இரண்டும் இருக்கின்றன. அந்தத் தகவல் பருத்தித்துறைக் கரைக்கு எவ்வளவு நேரத்தில் வந்துசேரும் என்று கேளுங்கோ.

நல்லூர் வாசகி: இதில எங்கட நாட்டுக்கு ஏதும் பங்கிருக்கோ?

இருக்கிறது. பரவல் தடை உடன்படிக்கையைக் காலவரையின்றி நீடித்த 1995 நியூயோர்க் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கை இராஜதந்திரி ஜயந்த தனபால. அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கையை இலங்கை 2023 இல் ஏற்புறுதி செய்தது. பல்லேகலையில் உள்ள நிலநடுக்கமானி நிலையம், எங்காவது நிலத்துக்கடியில் குண்டு வெடித்தால் அதைக் கண்டுபிடிக்கும் உலக வலையமைப்பைச் சேர்ந்தது.