பனியில் திரும்பிய படகு

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையிலிருந்து எழுதுகிறேன். மகன் அமெரிக்காவில் மினியாபொலிஸில் வேலை பார்க்கிறான். போன ஜூன் மாதம் நானும் வீட்டுக்காரரும் அவனைப் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கு சுப்பீரியர் ஏரியில் இரண்டு நாள் பாய்மரப் படகுப் பயணம் ஏற்பாடு செய்து கொடுத்தான். பேஃபீல்டு என்ற சின்ன ஊரில் ஏறினோம். நாங்கள் இருவர், படகோட்டி ஒருவர், அவ்வளவுதான்.

முதல் நாள் காலையில் சுள்ளென்று வெயில், மத்தியானம் இடிமழை, சாயங்காலம் இதமான காற்று. மறுநாள் தள்ளியிருக்கும் தீவு ஒன்றுக்குப் பாதி தூரம் போயிருப்போம், பனி மூடிவிட்டது. தலைக்கு மேல் நீல வானம் தெரிகிறது, படகின் முனை தெரியவில்லை. பாய்மரத்து உச்சியில் காற்று காட்டும் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது, கீழே தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. திரும்பிவிடலாம் என்றேன். படகோட்டி மறுபேச்சில்லாமல் படகைத் திருப்பிவிட்டார்.

வீட்டுக்காரருக்கு இன்னும் மனக்குறை. “கொடைக்கானல்காரி பனிக்குப் பயந்துட்டா” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பனியிலேயே பிறந்து வளர்ந்த நான் பயந்தது தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

தப்பே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்து மீதியைப் படியுங்கள்.

நாம் பிறந்து வளர்ந்த பனி வேறு, நீங்கள் அங்கே பார்த்த பனி வேறு. ‘மேகம் இறங்கிருச்சு’ என்று இங்கே சொல்கிறோம். உண்மையில் அது ஏறிவருகிறது. காலை வெயிலில் சரிவுகள் சூடானதும் அடிவாரத்துக் காற்று மலைமேல் ஏறத் தொடங்கும். 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 டிகிரி குளிரும். அப்படிக் குளிர்ந்து குளிர்ந்து ஒரு உயரத்தில் அதிலிருக்கும் ஈரம் மேகமாகிவிடும். மத்தியானம் மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் பள்ளத்திலிருந்து அது எழும்பி வந்து கம்பித் தடுப்பைத் தாண்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். நம் கொடைக்கானல் ஏரிக்கு அது விருந்தாளி. வரும், கொஞ்ச நேரம் இருக்கும், காற்று திரும்பினால் போய்விடும்.

சுப்பீரியரில் பனி தண்ணீரின் மேலேயே பிறக்கிறது. ஜூன் மாதத்தில் கரையில் கோடை வந்துவிட்டாலும் ஏரியின் நடுத் தண்ணீர் ஏறக்குறைய ஃபிரிட்ஜ் தண்ணீர்தான், 4, 5 டிகிரியில் இருக்கும். தெற்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் அடியில் மட்டும் சட்டென்று குளிர்ந்து பனியாகிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரோடு ஒட்டிப் போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும். சூடான காற்று அதன் முதுகில் வழுக்கிக்கொண்டு மேலே ஓடும். நீங்கள் தலைக்கு மேல் நீல வானம் பார்த்தது அதனால்தான். மரத்து உச்சியில் முள் ஆட, கீழே தண்ணீர் அசையாமல் கிடந்ததும் அதனால்தான். பயத்திலும் இந்த இரண்டையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம் ஏரியிலும் பனியில் மாட்டியவன் நான். கல்யாணமான புதிதில், ஒரு அக்டோபர் மாதம், மனைவியோடு துடுப்புப் படகில் போயிருந்தேன். நடு ஏரியில் மூடிக்கொண்டது. நேராகத்தான் போகிறோம் என்று நினைத்துத் துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தேன். என் வலது கைக்கு பலம் அதிகம். படகு வளைந்து வளைந்து அதே நாணல் புதருக்கே வந்து நின்றது. இரண்டாவது முறையும் அதே புதர். துடுப்பிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. அப்புறம் என் மனைவிதான், “கொஞ்சம் நிறுத்துங்க, குதிரைச் சத்தம் கேக்குது” என்றாள். ஏரி ரோட்டில் சவாரிக் குதிரை ஒன்று டக் டக்கென்று போய்க்கொண்டிருந்தது. அவள் கை காட்டிய பக்கமே துடுப்பு போட்டேன். ஐந்து நிமிடத்தில் கரை. அவள் நிறுத்தச் சொல்லியிருக்காவிட்டால் இருட்டும்வரை சுற்றியிருப்பேன்.

ஆனால் அது 1863இல் லெவிஞ்ச் துரை அணை போட்டு உண்டாக்கிய 60 ஏக்கர் ஏரி. எந்தப் பக்கம் போனாலும் கரை உண்டு, கரையில் ஆள் உண்டு. சுப்பீரியர் 82,000 சதுர கிலோமீட்டர். நம் ஏரி மாதிரி மூன்று லட்சம் ஏரிகளை அதற்குள் போடலாம். நீளவாக்கில் 560 கிலோமீட்டர். சென்னையிலிருந்து நேர்கோடு இழுத்தால் தூத்துக்குடியைத் தாண்டிவிடும். காற்று தடையில்லாமல் ஓட எவ்வளவு தூரம் கிடைக்கிறதோ அவ்வளவு பெரிய அலை எழும்பும். நம் ஏரியின் கைகளுக்குள் காற்று ஓட இடமே இல்லை, அதனால் சிற்றலையோடு நின்றுவிடுகிறது. அங்கே எழும்பும் அலை, கடலலை மாதிரி நீண்டு புரளாமல் செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி வரும். 1975 நவம்பர் 10ஆம் தேதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற 222 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் அந்த ஏரியில் புயலில் மூழ்கியது. 29 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை.

உங்களுக்குப் புயல் வரவில்லை, சரி. ஆனால் அந்தத் தண்ணீரில் தவறி விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. பத்து நிமிடத்துக்குள் விரல்கள் கயிற்றைப் பிடிக்க மறுத்துவிடும். பனியில் விழுந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தப் பத்து நிமிடம் போதுமா என்று வீட்டுக்காரரிடமே கேளுங்கள். அந்தப் படகோட்டி மறுபேச்சில்லாமல் திருப்பினாரே, அதை உங்கள் வீட்டுக்காரர் யோசித்தாரா? அந்த ஏரியிலேயே பிழைப்பு நடத்தும் மனிதர். நீங்கள் பயந்தீர்கள் என்பதற்காக மட்டும் திருப்பியிருக்க மாட்டார்.

வீட்டுக்காரரின் மனக்குறையும் எனக்குப் புரிகிறது. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இருவர் அவ்வளவு தூரம் போய், பார்க்க நினைத்த தீவைப் பார்க்காமல் வந்தால் ஆசை அடங்காதுதான். ஆனால் அந்தக் குறைக்கு உங்கள்மேல் பழி போடுவது நியாயமில்லை. இதை அவருக்குத் தம்பி முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மறுபடி போகிற வாய்ப்பு வந்தால் ஆகஸ்டில் போங்கள். அதற்குள் மேல்தண்ணீர் கொஞ்சம் சூடாகியிருக்கும், பனி குறைந்திருக்கும். இலையுதிர் காலத்துப் பெருங்காற்றும் இன்னும் தொடங்கியிருக்காது. கம்பளிச் சட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், படகைக் கரையில் கட்டும்வரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். தீவைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். இந்த முறை அவரையும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.