பல் டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?

போன ஞாயிற்றுக்கிழமை நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டுப் பேசினார்கள். மகள் அங்கேயே பல் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடிக்கப்போகிறாள். பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிக்கு, அதாவது ரெசிடென்சிக்கு, விண்ணப்பிக்கும் 'பாஸ்' என்ற இணையதளம் மே மாத நடுவில் திறந்துவிடும். பெற்றோரைப் பொறுத்தவரை முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது: ஆர்த்தோ, அதாவது பல் சீரமைப்பு. அம்மாவின் அண்ணன் மகன் ஆர்த்தோ முடித்து சொந்த கிளினிக் வைத்திருக்கிறான். குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியம்மா முதல் சித்தப்பா வரை எல்லோரும் அவனைத்தான் காட்டுகிறார்கள். மகளோ ஜிபிஆர், அதாவது மருத்துவமனையில் பெறும் பொதுப் பல் மருத்துவப் பயிற்சியான ஜெனரல் பிராக்டிஸ் ரெசிடென்சி போதும் என்கிறாள்.

"ஸ்பெஷலிஸ்ட் ஆகுடின்னா ஒரு வருஷம் ஆஸ்பத்திரில போய் நிக்கிறேங்கறா. பல் டாக்டருக்கு ஆஸ்பத்திரில என்ன வேலைங்க?" என்று அம்மா கேட்டார். அழுதுகொண்டே கேட்டார்.

பயப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். மகளின் கல்விக்கடன் எவ்வளவு என்று கேட்டேன். அப்பா தொகையைச் சொன்னதும் அம்மாவிடமிருந்து சத்தமே வரவில்லை. அவர் அதை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறார் என்று புரிந்தது. அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர்களிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அமெரிக்காவில் கடன் வாங்கிப் பல் மருத்துவம் முடிப்பவரின் சராசரிக் கடன் ஏறக்குறைய 3 லட்சம் டாலர். ஆர்த்தோ அதற்குமேல் இரண்டு முதல் மூன்று ஆண்டு. பல ஆர்த்தோ ரெசிடென்சிகள் சம்பளம் தருவதில்லை; நம்மிடம் கட்டணம் வாங்குகின்றன. அந்த ஆண்டுகளில் வருமானம் இல்லை, பழைய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு மேற்படிப்புக்கான 'கிராட் பிளஸ்' என்ற அரசுக் கடன் கிடையாது. பல் மருத்துவம் போன்ற தொழில்முறைப் படிப்புக்கான அரசுக் கடனுக்கு மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. இளைய பிள்ளையும் பல் மருத்துவம் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அண்ணன் மகன் காலத்துக் கணக்கை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

பணம் ஒரு பக்கம். மகளிடம் தனியாகப் பேசினேன். இந்த மூன்று வருடத்தில் எந்த நாள் நேரம் போனதே தெரியாமல் போனது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கப்போகும் ஒருவரின் வாயில் எந்தப் பல்லை வைத்துக்கொள்ளலாம், எதை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்த ஒரு நாளைப் பற்றிப் பதினைந்து நிமிடம் சொன்னாள். பல் சீரமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இதற்கு மேல் எனக்குச் சான்று எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகக்கூடும். அதனால் சிகிச்சைக்கு முன்பே ஒரு பல் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இதய வால்வு மாற்றுவதற்கு முன்னாலும், உறுப்பு மாற்று சிகிச்சைக்கு முன்னாலும் வாயில் சீழ் எங்கும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஹீமோஃபிலியா உள்ளவருக்கு ஒரு பல் எடுப்பதென்றால் ரத்தவியல் மருத்துவரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். நாற்காலியில் உட்காரவே முடியாத ஆட்டிசம் உள்ள இளைஞனுக்கு, முழு மயக்கத்தில் ஒரே அமர்வில் எல்லாப் பற்களுக்கும் சிகிச்சையை முடிக்க வேண்டியிருக்கும். நள்ளிரவில் தாடைக்குக் கீழே வீங்கி, நாக்கு மேலே தள்ளி, மூச்சுவிடத் திணறிக்கொண்டு ஒருவர் வந்தால் அது பல்லில் ஆரம்பித்த சீழாக இருக்கலாம். அவசரப் பிரிவு அப்போது ரெசிடென்டைத்தான் கூப்பிடும். மயக்கவியல் பிரிவில் சில வாரம் நின்று ஊசிக்குழாய் போடுவதும் மூச்சுப்பாதையைக் காப்பதும் கற்றுக்கொள்வாள். பொது மருத்துவப் பிரிவிலும் சுற்று உண்டு.

இதற்குச் சம்பளமும் தருகிறார்கள். பல மருத்துவமனைகளில் முதலாண்டு ரெசிடென்ட் மருத்துவருக்குத் தரும் அதே தொகை. பயிற்சி 12 மாதம். சில இடங்களில் விரும்பினால் இரண்டாவது ஆண்டும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் 2007 முதல், படிப்பை முடித்துவிட்டு வரும் புதியவருக்கு ரெசிடென்சி முடிக்காமல் பல் மருத்துவ உரிமம் கிடைக்காது. டெலவேரிலும் ஓராண்டு ஜிபிஆர் கேட்கிறார்கள். நியூஜெர்சியில் வீடு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு மாநிலங்களையும் கணக்கில் வைக்க வேண்டாமா? பின்னாளில் குழந்தைப் பல் மருத்துவமோ வாய் அறுவையோ படிக்க ஆசை வந்தாலும் இந்த ஒரு வருடம் வீணாகாது. அந்தத் துறைத் தேர்வுக்குழுக்கள் அதை மதிக்கின்றன.

அப்பா ஒரு சமாதான வழி சொன்னார்: "ஆர்த்தோவுக்கும் போட்டு வைக்கட்டும். கிடைக்கலைன்னா ஜிபிஆர் போகட்டும்." இதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. விண்ணப்பதாரரையும் பயிற்சி இடத்தையும் கணினி மூலம் பொருத்தும் 'மேட்ச்' இரண்டு கட்டமாக நடக்கிறது. ஆர்த்தோ முதல் கட்டம், ஜிபிஆர் இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் இடம் கிடைத்துவிட்டால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அவள் இரண்டாம் கட்டத்திலிருந்து தானாக விலக்கப்படுவாள். வேண்டாம் என்கிற படிப்புக்கு, ஒப்புக்கு விண்ணப்பித்து, கிடைத்துத் தொலைத்தால் யார் போய்ப் படிப்பது?

நேர்காணலிலும் இது தெரிந்துவிடும். ஜிபிஆர் இயக்குநர்கள் ஆர்த்தோவில் இடம் கிடைக்காமல் வந்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். "ஏன் மருத்துவமனை?" என்று கேட்டால் அந்தத் தொண்டைப் புற்றுநோய் நோயாளியைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னால் போதும், மனப்பாடம் செய்ய வேண்டாம். மருத்துவக் கேள்வியும் வரும். "வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவருக்குப் பல் எடுக்க வேண்டும், என்ன செய்வாய்?" மருந்தைத் தானாக நிறுத்தச் சொல்கிறவர் அங்கேயே தோற்றார். ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பார்ப்பேன், மருந்து எழுதிய மருத்துவரிடம் பேசுவேன், பல் எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க என்னென்ன தயார் வைப்பேன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, யாரைக் கேட்பேன் என்று சேர்த்துச் சொல்லட்டும். இரவில் தனியாக நிற்கப்போகிறவரிடம் அவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

அவளும் கேட்க வேண்டும். இயக்குநரிடம் கேட்பதைவிட இப்போது அங்கே இருக்கும் ரெசிடென்டுகளிடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில். மாதம் எத்தனை இரவு ஆன்-கால், அதாவது கூப்பிட்டால் வர வேண்டிய பணி? இரவில் சீனியர் உடனே வருவாரா, போனில் மட்டும்தானா? அறுவை அரங்கில் எத்தனை நாள் கிடைக்கிறது? அதே மருத்துவமனையில் வாய் அறுவை ரெசிடென்சியும் இருந்தால் கடினமான பற்களெல்லாம் யார் கைக்குப் போகின்றன? உதவியாளர் உண்டா, இல்லை கருவி எடுத்துக் கொடுப்பதும் நாமேதானா? இந்த ஐந்துக்கும் பதில் சரியில்லாத இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வரிசையில் கீழே போகட்டும்.

மேட்சுக்காக இடங்களை விருப்ப வரிசையில் எழுதும் ரேங்க் லிஸ்ட் போடும்போது எங்கே கிடைக்கும் என்று ஊகித்துப் போடாதீர்கள். அந்தக் கணினி முறை விண்ணப்பதாரரின் விருப்ப வரிசையிலிருந்துதான் தொடங்குகிறது. மனதார விரும்பும் இடத்தை முதலில் போடுவதால் அவளுக்கு எந்த நஷ்டமும் வராது. போகவே மனமில்லாத இடத்தை மட்டும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. மேட்சில் சேராமல் நேரடியாக ஆள் எடுக்கும் ஜிபிஆர்களும் உண்டு. அவற்றின் கடைசித் தேதிகளைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் பெரிய பதவியில் இருப்பவரிடம்தான் வாங்க வேண்டும் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புற்றுநோய்ப் பிரிவில் பக்கத்தில் நின்று அவள் வேலையைப் பார்த்த பல் மருத்துவர் எழுதும் ஒரு பக்கம் அதைவிடப் பலமானது. அவரிடம் இந்த மாதமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

வாட்ஸாப் குழுவுக்குப் பதில் சொல்லும் வேலையை மட்டும் அம்மாவிடமே ஒப்படைத்தேன். பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அவளுக்கு இந்தக் கோடையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், டீன் அலுவலகத்தின் மதிப்பீட்டுப் படிவத்துக்கு அலைய வேண்டும், நோயாளிகளையும் பார்க்க வேண்டும்.