முதல் ஜிம் ஷூவுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வாரத்துக்கு நான்கு நாள் போகிறேன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் டிரெட்மில்லில் ஓடிவிட்டு, ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற எடைப் பயிற்சிகளையும் கடைசியில் சிறிது நேரம் குதித்துச் செய்யும் பயிற்சிகளையும் செய்கிறேன். இப்போது அணிவது பழைய நடைப்பயிற்சி ஷூ. ஓடுவதற்கு ஒன்று, எடை தூக்குவதற்கு ஒன்று என இரண்டு ஜோடி தேவை என்கிறார்கள். விலை உயர்ந்த ஜோடிகளை வட்டியில்லாத் தவணையில் தருகிறார்கள். மாதக் கடைசியில் என் கையில் மிஞ்சுவது குறைவு. என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு ஒரு ஜோடி போதும், அதையும் தவணையில் வாங்க வேண்டாம். இப்படிச் சொல்வதற்கான கணக்கை நீங்களே சரிபார்க்கும்படி விளக்குகிறேன்.

ஓட்டத்திலிருந்து தொடங்குவோம். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் 40 நிமிடம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் வாரத்துக்கு ஐந்தேகால் கிலோமீட்டரைச் சற்றே தாண்டுவீர்கள். ஓட்டத்துக்கென்று செய்யப்பட்ட ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். உங்கள் வேகத்தில் 500 கிலோமீட்டரை எட்டவே ஏறத்தாழ 94 வாரம், அதாவது இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் ஆகும். அப்படியானால், ஓட்ட ஷூவின் அடியில் உள்ள தடித்த நுரை மெத்தைக்கு நீங்கள் பணம் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தாமலே வைத்திருப்பீர்கள்.

பயன்படாமல் போவதோடு அது நிற்பதும் இல்லை. மென்மையான நுரை எடையின் கீழ் அமுங்கும். தோளில் பாரத்தோடு ஸ்குவாட் செய்யும்போது குதிகால் நிலையாக ஊன்றாமல் தள்ளாடும். உயரமான மென்மையான அடிப்பாகத்தோடு பக்கவாட்டில் தாவினால் கணுக்கால் பிசகவும் கூடும். எடை தூக்குபவர்களுக்கான தனி ஷூவில் குதிகால் கெட்டியாகவும் முன்பாதத்தைவிட ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் உயரமாகவும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஓடவோ குதிக்கவோ முடியாது. உங்கள் தேவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கடைகளில் ‘கிராஸ் டிரெய்னிங்’ ஷூ என்று கேட்டுப் பாருங்கள். இவற்றில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாடு குறைவாக, பெரும்பாலும் 4 முதல் 8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தும்போது எளிதில் அமுங்கக் கூடாது. வளைத்தால் நட்டநடுவில் மடியாமல், விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

இனி விலை. ஷூவின் விலையை அப்படியே ஒப்பிடாமல், ஒரு நாள் பயிற்சிக்கு என்ன செலவாகிறது என்று ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, நடுத்தர விலையை 100 பங்கு என்று கொள்வோம். அது ஓராண்டு, அதாவது விட்டுப்போன நாள்களைக் கழித்து 200 நாள், உழைத்தால் ஒரு நாளுக்கு அரைப் பங்கு. 40 பங்கு விலையுள்ள மலிவான ஜோடி 50 நாளில் பிய்ந்துபோனால் நாளுக்கு 0.8 பங்கு. 220 பங்கு விலையுள்ள உயர்ரக ஜோடி 250 நாள் உழைத்தாலும் நாளுக்கு 0.88 பங்கு. நடுத்தர ஜோடிதான் லாபம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

ஆனால் 200 நாள் நீங்கள் ஜிம்முக்குப் போவீர்கள் என்பது இன்னும் நடக்காத ஒன்று. 50 நாளில் நின்றுவிட்டால் நடுத்தர ஜோடியின் செலவு நாளுக்கு 2 பங்காகவும் உயர்ரக ஜோடியின் செலவு 4.4 பங்காகவும் ஏறிவிடும். மலிவான ஜோடியோ 0.8 பங்கிலேயே நிற்கும். பழக்கம் உறுதிப்படுவதற்கு முன்பே பெரிய தொகையைச் செலவழித்தவர்கள், அந்தப் பொருளைப் பார்க்கும்போதெல்லாம் வருந்துவதை என் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன். உங்களுக்கு அந்த வருத்தம் வேண்டாம். எனவே பழைய ஷூ வழுக்காமலும் வலி தராமலும் இருக்குமானால் இன்னும் ஐந்து வாரம் அதையே அணியுங்கள். அந்த ஐந்து வாரமும் ஒரு சிறு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தால், நடுத்தர ஜோடியை ரொக்கமாக வாங்குங்கள். தொகை போதவில்லையென்றால் இன்னும் சில வாரம் பொறுக்கலாம். அவசரத் தேவைக்கென்று வைத்திருக்கும் சேமிப்பில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வட்டியில்லாத் தவணையிலும் செலவு ஒளிந்திருக்கக் கூடும். செயலாக்கக் கட்டணம் இருக்கிறதா, ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் போய்விடுகிறதா, ஒரு தவணை தாமதமானால் என்ன அபராதம் என்று கேளுங்கள். இவை எதுவும் இல்லையென்றாலும், மாதக் கடைசியில் குறைவாகவே மிஞ்சும் ஒருவர் வரும் மாதங்களின் பணத்தை இன்றே ஒரு ஷூவுக்கு ஒப்புக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

விலையைக் குறைக்க நல்ல வழி, சென்ற ஆண்டு மாடலை வாங்குவது. புதிய மாடல் வந்ததும் பழையதன் விலையைக் குறைப்பார்கள். பல நேரங்களில் மாறியிருப்பது மேற்பாகமும் நிறமும்தான். ஆனால் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த ஜோடியில் பசையும் நுரையும் தளர்ந்திருக்கலாம் என்பதால், உள்ளே ஒட்டியுள்ள சீட்டில் தயாரிப்புத் தேதி இருந்தால் பாருங்கள். பிறர் அணிந்த ஷூவைத் தவிருங்கள். அதன் உட்புறம் அவர்கள் பாதத்துக்கேற்ப அமுங்கியிருக்கும்.

அளவு சரியில்லாத ஷூ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முழு நஷ்டமே. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஜிம்முக்குப் போடும் சாக்ஸோடு அணிந்து பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். திருப்பித் தரும் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பின் ஜிம்முக்குள் மட்டும் அணிந்து, வாஷிங் மெஷினில் போடாமல், நிழலில் உலர்த்தி வந்தால் அதே 100 பங்கு இன்னும் பல நாளுக்கு உழைக்கும்.

வாரத்துக்கு 15, 20 கிலோமீட்டர் என்று ஓடத் தொடங்கும் காலத்தில் ஓட்ட ஷூ தனியாகத் தேவைப்படும். அதற்கான தொகையை, முதல் ஜோடி வாங்கிய மறுமாதத்திலிருந்தே சிறுகச் சிறுகச் சேர்க்கத் தொடங்கலாம். அந்த அளவுக்கு ஓடாமல் போனால், அதுவே அடுத்த ஜோடிக்கான பணம்.