வீட்டுல ஃப்ரெண்ட்ஸோட காசு வச்சு போக்கர் ஆடினா தப்பா? தமிழ்நாட்டுல போலீஸ் பிடிக்குமா?

நான் வக்கீல் இல்லங்க, வக்கீல் ஆஃபீஸ்ல ஆறு வருஷம் குமாஸ்தாவா இருந்தவன், சீட்டாட்ட கேஸ் கட்டு நிறைய தூக்கியிருக்கேன்.

போக்கர் திறமையா அதிர்ஷ்டமான்னுதான் எல்லாரும் முதல்ல ஆரம்பிப்பாங்க. அதுல கோர்ட்டுக்குள்ளயே ஒத்துமை இல்ல. 2017ல குஜராத் ஹைகோர்ட் அதிர்ஷ்டம்னுச்சு. 2023 நவம்பர்ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டு, தமிழ்நாட்டு ஆன்லைன் சூதாட்டச் சட்டத்துல ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு சேர்த்தது செல்லாதுன்னுச்சு. மேற்கு வங்கத்துல போக்கர்னு பேரு போட்டே விலக்கு குடுத்திருக்காங்க.

ஆனா வீட்டுல ஆடுறவனுக்கு வினை அங்க இல்ல. சென்னைக்கு 1888 போலீஸ் சட்டம், மத்த ஊருக்கெல்லாம் 1930 சூதாட்டச் சட்டம், ரெண்டுலயும் முக்கியமா பாக்குறது அந்த வீடு 'பொதுச் சூதாட்ட வீடா'ங்கறதுதான். வீட்டுக்காரன் லாபத்துக்காக சீட்டாட்டம் நடந்தா, இடத்துக்குன்னு காசு வாங்கினாலும் சரி சீட்டுக்கட்டுக்குன்னு வாங்கினாலும் சரி, உங்க ஹால் அந்த வகையில வந்துரும். 1967ல செகந்திராபாத்ல ஒரு கிளப் மேல வந்த கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ரம்மி திறமை ஆட்டம்னு சொன்னத எல்லாரும் நீட்டுவாங்க, அதே தீர்ப்புல நடத்துறவன் லாபம் பாத்தா குற்றம் வரலாம்னும், மூணு சீட்டு சுத்த அதிர்ஷ்டம்னும் எழுதியிருக்கறத ஒருத்தரும் படிக்கறதில்ல.

எங்க சித்தப்பா வீட்டுல நடந்ததே இதுதான். ஒரு தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில பாய் விரிச்சு ஆடிட்டு இருந்தாங்க, பக்கத்துல ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் ஜெயிச்சவன் அதுல இருபது ரூபா போடணும், பரோட்டாவுக்கும் டீக்கும்னு சொல்லித்தான் வச்சது. சத்தம் தாங்காம யாரோ போன் போட்டுட்டாங்க. வந்த எஸ்ஐ பாயில கிடந்த காசைக்கூட அப்புறம்தான் எண்ணினாரு, முதல் கேள்வி "இந்த டம்ளர் யாருது?" பரோட்டா வாங்கினது போக 640 ரூபா மிச்சம் இருந்துச்சு, மகஜர்ல, அதாவது போலீஸ் கைப்பத்துன சாமான் பட்டியல்ல, சீட்டு, பணம், பாயோட டம்ளரும் ஏறிருச்சு. கூட ஆடினவங்க ஃபைன் கட்டிட்டுப் போயிட்டாங்க, சித்தப்பாதான் நடத்தினவர்னு தனியா அலைஞ்சாரு.

அதனால பிரியாணி செலவை ஆட்டத்துக்கு வெளிய ஜிபேல பிரிச்சுக்கங்க, பாட்ல (நடுவுல சேர்ற பந்தயக் காசுல) இருந்து ஒரு ரூபா எடுக்காதீங்க, தெரியாத ஆளை என்ட்ரி ஃபீ வாங்கி உக்கார வைக்காதீங்க. வாரன்ட்டோட சோதனை போட்டு சீட்டும் காசும் கிடைச்சா அது சூதாட்ட வீடுன்னே எடுத்துக்க சட்டத்துல இடம் இருக்கு, இல்லன்னு காட்ட வேண்டியது நீங்கதான்.

ஆப்ல ப்ரைவேட் டேபிள் போட்டு ஆடிக்கலாம்னு யோசிச்சீங்கன்னா அது இன்னும் மோசம், 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேம் எதுவா இருந்தாலும் தடைங்குது, திறமை அதிர்ஷ்டம்னு பிரிச்சே பாக்கல.