கொடுங்கோலனிடம் என்ன சொல்வது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் ரார்ட்டி பற்றிய ஓர் அறிமுகத்தை வாசித்தேன். நம் கருத்துகளைத் தாங்கும் இறுதி அடித்தளம் என்று எதுவும் இல்லை, ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிக்கொள்வது மட்டுமே நம்மால் முடிந்தது என்கிறார். அப்படியானால் ஒரு கொடுங்கோலனிடம் 'நீ செய்வது தவறு' என்று எதை நம்பிச் சொல்வது? இது அதிகாரத்தில் இருப்பவனுக்குத்தானே வசதி?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ரார்ட்டியை வாசிக்கும் பலரும் முட்டி நிற்கும் இடம் இது. நடைமுறைவாதம் என்ற தத்துவத்தின் முன்னோடிகளான வில்லியம் ஜேம்ஸும் ஜான் டூயியும் ஒரு கருத்தை அது வாழ்வில் என்ன செய்கிறது என்பதைக்கொண்டு எடைபோட்டார்கள். ரார்ட்டி 1979-ல் எழுதிய 'தத்துவமும் இயற்கையின் கண்ணாடியும்' நூலில், மனம் உலகைப் பிரதிபலிக்கும் கண்ணாடி என்ற எண்ணத்தையே விட்டுவிடச் சொன்னார். டூயி அனுபவத்தைப் பேசிய இடத்தில் இவர் மொழியைப் பேசினார். ரார்ட்டியின் நவநடைமுறைவாதம் பழைய நடைமுறைவாதத்திலிருந்து பிரிவது அங்கேதான்.

சரி, கொடுங்கோலனுக்கு வருவோம். 1989-ல் வந்த நூலில் ரார்ட்டி, ஒரு சர்வாதிகார அரசைச் சித்திரிக்கும் ஆர்வெலின் '1984' நாவலை நிதானமாக வாசிக்கிறார். இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்ல முடிவதே சுதந்திரம் என அதன் நாயகன் வின்ஸ்டன் எழுதிவைக்கிறான். அது உண்மையா என்பதல்ல, நம்புவதை அடிபடாமல் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி என்கிறார் ரார்ட்டி. வின்ஸ்டனைக் கடைசியில் உடைப்பது வாதம் இல்லை, சித்திரவதை அறையில் அவன் முகத்தருகே கொண்டுவரப்படும் எலிக்கூண்டு. எவ்வளவு உறுதியான அடித்தளம் கொண்ட தத்துவமும் அந்த அறைக்குள் அவனைக் காப்பாற்றாது. அப்படியோர் அறை உருவாகாமல் தடுப்பவை சுதந்திரமான பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் தேர்தல்களும்தான். அதனால் இந்தத் தத்துவம் அதிகாரத்துக்கு வசதியானது என்று நான் நினைக்கவில்லை. வரலாற்றில் எத்தனையோ கொடுமைகள் அசைக்க முடியாத உண்மையின் பெயரால்தான் நடந்திருக்கின்றன.

எனக்கு நெருடுவது வேறோர் இடம். கொடுமையே நாம் செய்வதில் மிக மோசமானது என்ற எண்ணத்தை அரசியல் சிந்தனையாளர் ஜூடித் ஷ்க்லாரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் ரார்ட்டி, அதைக் குறைக்கும் வழி 'நாம்' என்பதன் எல்லையை விரிப்பது என்கிறார். அந்த வேலையைச் சித்தாந்தங்களைவிட நாவல்களும் செய்தியறிக்கைகளும் நன்றாகச் செய்யும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்துவைத்தவர்கள், 'இவரும் என்னைப்போல மனிதர்' என்பதைவிட 'இவர் எங்கள் ஊர்க்காரர், என்னைப்போலக் குழந்தை பெற்றவர்' என்றே எண்ணியிருப்பார்கள் என்று அவர் ஊகிக்கிறார். அரசியல் கோட்பாட்டாளர் நார்மன் கெராஸ் 1995-ல் அப்படிக் காப்பாற்றியவர்களின் வாக்குமூலங்களையே எடுத்துப் பார்த்தார். அவர்களும் மனிதர்கள்தானே என்பதே பலர் சொன்ன காரணம்! இந்த ஊகத்தில் ரார்ட்டி தோற்றுவிட்டார் என்றே சொல்வேன். அப்புறம் இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த மனிதர்கள் எந்த நிரூபணத்துக்கும் காத்திருக்கவில்லை. மனித இனம் முழுவதுமே அவர்களுக்கு ஏற்கெனவே 'நாம்' ஆகியிருந்தது. கெராஸ் எடுத்துவைத்த சாட்சியம் ரார்ட்டியின் ஊகத்தைத் தகர்க்கிறது. ஆனால் அறத்துக்கு அடித்தளம் தேவையில்லை என்ற வாதத்தை அது தொடவில்லை.

நேரடி அரசியலுக்கு அவருடைய 1998 நூலான 'அச்சீவிங் அவர் கன்ட்ரி'யில் தொடங்குங்கள். சிறியது, கலைச்சொற்கள் குறைவு. அமெரிக்க இடதுசாரிகள் தொழிற்சங்கங்களையும் கூலியையும் மறந்து பல்கலைக்கழகத்துக்குள் ஒதுங்கிவிட்டதாகக் கடிந்துகொள்கிறார். கைவிடப்பட்ட வாக்காளர்கள் ஒரு பலசாலித் தலைவனைத் தேடிப் போவார்கள் என்றும் எச்சரிக்கிறார். 2016 அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு பரவலாகப் பகிரப்பட்ட பகுதி அது. வாசித்துவிட்டு எழுதுங்கள்.