தாராவியில் பிறந்தவர் தனி வார்டில் நிற்கலாமா?

கேள்வி: நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா 1972-இல் திருநெல்வேலியிலிருந்து வந்தார். நாங்கள் ஆதி திராவிடர். அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி மும்பையிலும் எனக்கு ஒரு சாதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு எஸ்.சி.க்கு ஒதுக்கப்பட்டால் சீட் தருவதாக ஒரு கட்சி சொல்கிறது. "முதலில் மனுப் போடுங்கள், வேலிடிட்டியை (சாதிச் சரிபார்ப்புச் சான்றிதழை) பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். நம்பலாமா? 2006-இல் ஒரு மகள், 2010-இல் இரட்டைக் குழந்தைகள், அது தடையா?

பதில்: கட்சிக்காரர்கள் சொல்வதை நம்பி இறங்காதீர்கள். ஜெயித்தாலும் பதவி நிலைக்காது.

அரசியல் சட்டத்தின் 341-ஆவது பிரிவின்படி பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. ஒரு மாநிலத்தின் எஸ்.சி. இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகை தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. 2018-இல் பீர் சிங் வழக்கிலும் அதுவே நின்றது. மும்பையில் பிறந்ததால் மட்டும் நிலை மாறாது. மகாராஷ்டிரத்தில் உரிமை கேட்க இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: சான்றிதழில் உள்ள சாதிப்பெயர் அம்மாநிலப் பட்டியலில் இருக்கிறதா? 1950 ஆகஸ்ட் 10 அன்று உங்கள் தந்தைவழி முன்னோர் அம்மாநிலத்தில் வசித்தார்களா? அப்பா 1972-இல்தான் வந்தார் என்றால் இரண்டாவதிலேயே அடிபடும்.

உங்கள் கையில் உள்ள மும்பைச் சான்றிதழ், குடிபெயர்ந்தவர்களுக்குத் தகப்பனார் சான்றை வைத்துத் தருவது. மும்பை அதிகாரி முத்திரை இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அதைக் கொண்டு பூர்வீக மாநிலமான தமிழ்நாட்டின் சலுகையைக் கேட்கலாம், மகாராஷ்டிரச் சலுகையை அல்ல.

தாத்தாவோ அவர் அப்பாவோ தோல் பதனிடும் வேலைக்கு 1950-க்கு முன்பே வந்தவர் என்றால் மட்டும் வழி உண்டு. அப்போது தேட வேண்டியது பள்ளிப் பதிவேடு: நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் குடும்பத்தில் யாராவது படித்திருந்தால் அவரது லீவிங் சர்டிபிகேட், ஜெனரல் ரெஜிஸ்டர் நகல். சாதிக் கலத்தில் வெறும் 'மதராஸி' என்றிருந்தால் வசிப்புக்கு உதவும், சாதிக்கு உதவாது. பட்டியல் கேள்வி அப்போதும் தனியாக நிற்கும்.

மனுவைத் தேர்தல் அதிகாரி ஏற்றுக்கொள்வது சரிபார்ப்பு ஆகாது. வேலிடிட்டிக்கு விண்ணப்பித்த ரசீதும் உறுதிமொழியும் இருந்தால் பொதுவாக ஏற்பார். மாவட்டச் சாதிச் சரிபார்ப்புக் குழுவின் வேலிடிட்டியை, ஜெயித்த நாளிலிருந்து வழக்கமாக 6 மாதத்துக்குள், தர வேண்டும். தராவிட்டால் தேர்தல் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. இந்தக் கெடு கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. தோற்றவர், மும்பை மாநகராட்சிச் சட்டம் 33-ஆவது பிரிவில் 10 நாட்களுக்குள் தோபி தலாவ் ஸ்மால் காஸஸ் கோர்ட்டுக்குப் போகலாம்; உங்கள் நாற்காலியில் அடுத்த இடம் வந்தவர் உட்கார்ந்துவிடுவார். பொய்ச் சான்று என்று குழு முடிவு செய்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. அப்போது கட்சி உங்களுக்காக வக்கீல் வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பொது வார்டில் நிற்பதற்கு எந்தத் தடையும் இல்லை. மும்பையில் எந்த வார்டு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலும் 227 வார்டுகளில் ஒதுக்கீடு இல்லாத எதிலும் போட்டியிடலாம். வயது 21 ஆகியிருந்தால் போதும். ஜெயித்த பின் மேயர் பதவி எஸ்.சி.க்குச் சுழற்சியில் வந்தால் அங்கேயும் இதே வேலிடிட்டியைக் கேட்பார்கள் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

பிள்ளைகள் விஷயம் சுலபம். 2001 செப்டம்பர் 12-க்குப் பின் மூன்றாவது பிள்ளை பிறந்தால் தகுதியிழப்பு. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பிறகு ஒரே பிரசவத்தில் எத்தனை பிறந்தாலும் சட்டம் ஒன்றாகவே எண்ணும். உறுதிமொழிப் பத்திரத்தில் மூவரின் பிறந்த தேதியையும் எழுதி, இரட்டையரின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் சேர்த்து இணையுங்கள்.