கையெழுத்து மாதிரி ஃபான்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அண்ணன் பணி ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். கையால் எழுதியது போலவே இருக்கும் ஒரு ஃபான்டில் அடித்தேன். எல்லோரும் அழகு என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏதோ பொய்யாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 'அம்மம்மா' என்று அந்த ஃபான்டில் அடித்துப் பாருங்கள். நான்கு 'ம'வும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். பேனா பிடித்து எழுதும்போது எந்தக் கையும் அப்படி எழுதாது, ஒன்று கொஞ்சம் சாயும், ஒன்று குறுகும், கடைசி எழுத்தில் கை தளர்ந்து வால் நீளும். நாம் எழுத்து எழுத்தாகக் கவனிப்பதில்லை என்றாலும் 'இது மனுஷன் எழுதியதில்லை' என்று மனசுக்குப் பட்டுவிடுகிறது.

நல்ல ஃபான்ட் செய்பவர்கள் இதற்காகவே ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வரைந்து வைப்பார்கள். பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து வடிவத்தை மாற்றிப் போடும் வசதி, இன்று பரவலாக இருக்கும் ஓப்பன்டைப் என்ற ஃபான்ட் வகையில் உண்டு. சில மென்பொருள்களில் அதை நாமேதான் இயக்க வேண்டும், அந்த அமைப்பை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இந்த வசதியெல்லாம் வருவதற்கு முன்பே கையால் எழுதிய தோற்றத்தை அச்சில் சாதித்தவர் ஒருவர் இருக்கிறார். ரோஜர் எக்ஸ்கொஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர், தன் சொந்தக் கையெழுத்தை வைத்து 1953-இல் 'மிஸ்ட்ரல்' என்ற எழுத்தை உருவாக்கினார். தனித்தனி ஈயத் துண்டுகளாக வார்த்த எழுத்துகள்தான், ஆனால் வரிசையாக அடுக்கினால் கோடு விடாமல் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், மேலும் கீழும் துள்ளும், வேகமாக எழுதிய கை மாதிரியே இருக்கும். எழுபது வருஷம் தாண்டியும் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வியப்புதான். கையெழுத்தை அச்சில் கொண்டுவரும் ஆசை அதைவிடவும் ரொம்பப் பழையது. 1557-இலேயே ராபர்ட் கிரான்ஜோன் என்ற பிரெஞ்சு அச்செழுத்துக் கலைஞர், அன்றைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் பார்த்து 'சிவிலிதே' என்ற அச்செழுத்தை வெட்டியிருக்கிறார்.

உங்கள் அட்டைக்கு என் யோசனை இதுதான்: தலைப்பு மட்டும் ஃபான்டில் இருக்கட்டும். அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய அந்த நாலு வரியைப் பேனாவாலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறேன். லேபிள் முழுக்க இந்த மாதிரி ஃபான்ட் போடலாமா?

பதில்: முழுக்க வேண்டாம். ஒருவர் இன்னொருவரிடம் நேரில் பேசுவது போன்ற தொனி எங்கே வேண்டுமோ அங்கேதான் இது பொருந்தும். சோப்பின் பெயர், 'கையால் செய்தது' என்ற ஒரு வரி, உள்ளே வைக்கும் நன்றிச் சீட்டு, இவற்றுக்கு அருமையாக இருக்கும். சேர்ந்த பொருள்கள், எடை, தேதி, தொலைபேசி எண் எல்லாம் சாதாரண ஃபான்டில்தான் வர வேண்டும், ஏனென்றால் இந்த எழுத்துகளில் 1-ஐயும் 7-ஐயும் பிரித்தறிவதே சில சமயம் கஷ்டம். ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பட்டியலைப் படிக்கத் திணறக் கூடாது.

ஆங்கிலத்தில் அடித்தால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடாதீர்கள். சேர்த்தெழுதும் வகையில் பெரிய எழுத்து என்பது சொல்லின் முதலில் வருவதற்காக வரைந்தது, பத்து வரிசையாக நின்றால் எதுவும் புரியாது. எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டவும் கூடாது, சேர்ந்த கோடெல்லாம் அறுந்துபோகும். அப்புறம், இவற்றில் சின்ன எழுத்துகள் ரொம்பவே சின்னதாக இருக்கும், அதனால் வழக்கமான ஃபான்ட் அளவைவிட இரண்டு மூன்று பாயின்ட் கூட்டுங்கள். விற்பனைப் பொருள் என்பதால் உரிமத்தையும் பாருங்கள். இலவசம் என்று கிடைப்பதில் பல, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்.

கேள்வி: தமிழில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் போதாது. கூகுள் ஃபான்ட்ஸில் 'கவிவனார்' பாருங்கள், சாய்ந்த கையெழுத்துப் பாணி, விற்பனைப் பொருளுக்கும் போடலாம்.

கேள்வி: என் அம்மாவின் கையெழுத்தையே ஃபான்ட் ஆக்க ஆசை. 247 எழுத்தும் எழுதி வாங்க வேண்டுமா?

பதில்: தேவையே இல்லை. உயிர் 12, ஆய்தம், அகர வரிசை உயிர்மெய் 18, அப்புறம் உகர ஊகார வரிசை 36. 'கு', 'டு', 'மு' எல்லாம் ஒவ்வொன்றும் தனி வடிவம் என்பதால் அவை கட்டாயம் வேண்டும். துணைக்கால், கொம்பு, புள்ளி போன்றவற்றைத் தனியாக ஒருமுறை எழுதினால் போதும், மற்ற எழுத்துகளை அவற்றை வைத்துக் கோத்துக்கொள்ளலாம். இகர வரிசைதான் கொஞ்சம் படுத்தும். 'டி', 'டீ' இரண்டையும் தனியாகவே எழுதி வாங்குங்கள். ஆகச் சுமார் எண்பது வடிவங்கள் கையில் இருந்தால் தொடங்கிவிடலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கட்டம் போட்ட தாளைக் கொடுத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதச் சொன்னால் அம்மா பரீட்சை மாதிரி நிறுத்தி நிதானமாக எழுதுவார், அது அவருடைய கையெழுத்தாகவே இருக்காது. ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், பழைய கணக்கு நோட்டு இருந்தால் அதையும் எடுங்கள். அதிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி, கிடைக்காததை மட்டும் பிறகு கேட்டு வாங்குங்கள்.